டிரைவிங் ஸ்கூல் தொடங்கப் போகிறீர்களா? உரிமம் முதல் பதிவேடு வரை

நன்றாகக் கார் ஓட்டத் தெரியும், கையில் ஒரு பழைய ஆல்ட்டோ இருக்கிறது, தெருவில் நாலு பேர் கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். முன்னும் பின்னும் எல் போர்டு ஒட்டிக்கொண்டு காலையில் இரண்டு மணி நேரம் சொல்லிக்கொடுத்தால் மாதம் ஏதோ கையில் நிற்கும் என்று பலருக்கும் ஒரு கணக்கு ஓடுகிறது. கணக்கு சரிதான். ஆனால் கட்டணம் வாங்கிக்கொண்டு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி எதுவானாலும், சின்னதோ பெரியதோ, அரசு உரிமம் இல்லாமல் நடத்தக் கூடாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 12ஆம் பிரிவு இதற்கான அடிப்படை. நடைமுறை எல்லாம் மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இல், 24 முதல் 31 வரையான விதிகளில் இருக்கிறது. தம்பிக்கோ மனைவிக்கோ காசு வாங்காமல் கற்றுக்கொடுப்பதற்கு இது எதுவும் வேண்டாம்.

விதிகள் டெல்லியில் எழுதப்பட்டவை என்றாலும் விண்ணப்பத்தை வாங்குவதும், இடத்தைப் பார்ப்பதும், உரிமம் கொடுப்பதும், தேவைப்பட்டால் பிடுங்குவதும் மாநிலப் போக்குவரத்துத் துறை. தமிழ்நாட்டில் உங்கள் பகுதி ஆர்.டி.ஓ. அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி எந்த எல்லைக்குள் வருகிறதோ அந்த அலுவலகம்தான். உங்கள் வீடு எங்கே இருக்கிறது என்பது கணக்கில்லை.

முதலில் முடிவு செய்ய வேண்டியது: எதைச் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்கள்?

டூ வீலர், கார், கனரக வண்டி என்று எந்தெந்த வகையைக் கற்றுக்கொடுக்கப் போகிறீர்களோ அந்த ஒவ்வொரு வகையிலும் குறைந்தது ஒரு வண்டியாவது விண்ணப்பதாரருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். அந்த வண்டி பயிற்சிக்கு மட்டுமே பயன்பட வேண்டும். காலையில் பயிற்சி, மதியம் வாடகைக்கு, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கோயில் என்ற ஏற்பாடு விதிப்படி செல்லாது. முதலீட்டின் பெரும்பகுதி இங்கேதான் போகும் என்பதால், ஆரம்பத்தில் காரும் டூ வீலரும் போதும் என்பது என் கருத்து. லாரியும் பஸ்ஸும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அதே சமயம் கனரகப் பயிற்சிக்கு ஒரு சாதகம் உண்டு. சொந்தக் கார் ஓட்ட லைசென்ஸ் கேட்பவர் பள்ளிக்கு வந்துதான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அண்ணனிடம் கற்றுக்கொண்டு நேராக டெஸ்டுக்குப் போகலாம். லாரி, பஸ் போன்ற தொழில்முறை வண்டிகளை ஓட்ட, அதாவது போக்குவரத்து வாகன லைசென்ஸ் கேட்பவருக்கோ உரிமம் பெற்ற பள்ளியின் சான்றிதழ் கட்டாயம் என்று சட்டத்தின் 9ஆம் பிரிவே சொல்கிறது. அவர் உங்களையோ உங்களைப் போன்ற இன்னொருவரையோ தேடி வந்தே தீர வேண்டும். ஆனால் சேர்க்கும் முன் இரண்டு விஷயம் பாருங்கள்: அவருக்கு 20 வயது ஆகியிருக்க வேண்டும், இலகு ரக லைசென்ஸ் வாங்கி ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும். இல்லையென்றால் எல்.எல்.ஆரே (பழகுநர் உரிமம்) கிடைக்காது. இன்னொன்று, 7,500 கிலோவுக்கு மேற்படாத வாடகை வண்டிகளைச் சாதாரண எல்.எம்.வி. (இலகு ரக) லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6 அன்று உறுதி செய்துவிட்டது. ஆகவே குட்டி யானை ஓட்டப் போகிறேன் என்று வருபவரைக் கனரகப் பயிற்சிக்கு இழுத்துப் போடாதீர்கள்.

‘அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையம்’ என்று இன்னொரு வகை இருக்கிறது. 2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. அங்கே பயின்று தேறியவர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டி ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் டூ வீலருக்கும் காருக்கும் குறைந்தது 1 ஏக்கர், கனரகத்துக்கு 2 ஏக்கர் நிலம், சிமுலேட்டர், டெஸ்ட் டிராக் என்று அது வேறு உலகம். ஒரு காரோடு தொடங்குகிறவருக்கு அந்தப் பேச்சு இப்போது வேண்டாம். ஏன் சொல்கிறேன் என்றால், 2024 ஜூன் 1 முதல் யாரும் ஆர்.டி.ஓ. அலுவலகம் போகவே வேண்டாம், எந்த டிரைவிங் ஸ்கூலிலும் லைசென்ஸ் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றியது. அப்படி எந்த மாற்றமும் இல்லை என்று மத்திய அமைச்சகமே விளக்கம் கொடுத்தது. உங்களைப் போன்ற சாதாரணப் பள்ளி தரும் சான்றிதழ் படிவம் 5. அதை வைத்திருப்பவரும் எட்டு போட்டுத்தான் ஆக வேண்டும். டெஸ்டிலிருந்து விலக்குத் தருவது அந்தப் பெரிய மையங்கள் தரும் படிவம் 5பி மட்டுமே. சேர வருபவரிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள்.

சொல்லிக்கொடுப்பவர் யார்?

பல விண்ணப்பங்கள் தடுக்கி விழும் இடம் இது. இருபது வருடம் பஸ் ஓட்டியவர், கண்ணை மூடிக்கொண்டு ரிவர்ஸ் எடுப்பவர், இதெல்லாம் விதியின் முன் பாதி தகுதிதான். பயிற்றுநருக்கு வேண்டியவை: பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, குறைந்தது ஐந்து ஆண்டு ஓட்டிய அனுபவம், அதோடு மோட்டார் மெக்கானிக் படிப்பில் சான்றிதழ் அல்லது இயந்திரப் பொறியியலில் அதைவிட உயர்ந்த தகுதி. அந்தச் சான்றிதழும் அரசு நிறுவனத்திலிருந்தோ தொழில்நுட்பக் கல்வி வாரியம் அங்கீகரித்த நிறுவனத்திலிருந்தோ வந்திருக்க வேண்டும். ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் முடித்தவர், ஆட்டோமொபைல் அல்லது மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவர் என்றால் கவலையில்லை. பட்டறையில் பத்து வருடம் எண்ணெய்க் கையோடு கிடந்த அனுபவத்துக்குத் தாளில் சான்று இல்லையென்றால் அது எடுபடாது.

இந்தத் தகுதி முதலாளிக்கே இருக்க வேண்டும் என்பதில்லை. சொல்லிக்கொடுக்க அவர் நியமிக்கும் ஆளுக்கு இருந்தால் போதும். ஆனால் பயிற்றுநர் ஒருவரே இருந்து, அவர் வேறு வேலைக்குப் போய்விட்டால் அன்றைக்கே பள்ளி தகுதி இழந்து நிற்கும். சமாளிப்பதற்காக உங்கள் மச்சானை ஸ்டியரிங் பக்கத்தில் உட்கார வைப்பதுதான் பலரும் செய்யும் காரியம், மாட்டிக்கொள்வதும் அதில்தான். இரண்டாவதாக ஒருவரைத் தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டாவது ஆள் பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. பெண் பயிற்றுநர் இருக்கிறாரா என்று கேட்டு வரும் பெண்கள் நிறையப் பேர். சான்றிதழோடு பெண் பயிற்றுநர் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்தால் சம்பளத்தில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

இடமும் வண்டியும்

இடம் விண்ணப்பதாரர் பெயரில் சொந்தமாகவோ, அவர் பெயரிலேயே குத்தகையாகவோ வாடகையாகவோ இருக்க வேண்டும். வாடகை ஒப்பந்தம் அப்பா பெயரில், விண்ணப்பம் மகன் பெயரில் என்றால் அங்கேயே நின்றுபோகும். வகுப்பு நடத்தவும் மாதிரிகளைக் காட்டி விளக்கவும் ஓர் அறை, வண்டிகள் நிறுத்த இடம், இரண்டும் வேண்டும். தெருவோரம் நிறுத்திக்கொள்கிறேன் என்பதை ஆய்வுக்கு வருபவர் ஏற்க மாட்டார். ஜெராக்ஸ் கடையின் முன்பக்கம் ஒரு மேசை போட்டு நடத்தும் பள்ளிகள் கண்ணில் படும். புதிதாக உரிமம் கேட்பவர் அதை முன்மாதிரியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கார், லாரி போன்ற வண்டிகளுக்கு டூயல் கண்ட்ரோல் கட்டாயம். பயிற்றுநர் இருக்கை பக்கத்திலிருந்தே வண்டியைக் கட்டுப்படுத்தவும் நிறுத்தவும் முடிய வேண்டும். டூ வீலருக்கு மட்டும் இதில் விலக்கு. பெடலைப் பொருத்தியதும் ஒரு வேலை செய்யுங்கள். காலியான சாலையில் வேறொருவரை ஓட்டச் சொல்லி, நீங்கள் இடப்பக்கம் உட்கார்ந்து உங்கள் பிரேக்கை மட்டும் வைத்து வண்டியை நிறுத்திப் பாருங்கள். கம்பி தளர்ந்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும். மாற்றியமைத்ததை ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது ஓட்டுநர் பயிற்சிக்கான வண்டி என்று வெளிப்படையாகச் சொல்லி அதற்குரிய பாலிசி எடுங்கள். சொந்த உபயோகம் என்று காட்டி நாலு காசு மிச்சம் பிடித்தால், எல் போர்டோடு மோதிய அன்றைக்கு இழப்பீடு கேட்கும்போது வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள்.

வண்டியில் பள்ளியின் பெயர், முழு முகவரி, தொலைபேசி எண் தெளிவாகத் தெரியும்படி பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். எல் போர்டுக்கும் அளவு உண்டு: 18 சென்டிமீட்டர் சதுரத்தில் வெள்ளைப் பின்னணி, அதில் சிவப்பு எல். எழுத்தின் உயரம் 10 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

வகுப்பறைச் சாமான்

கரும்பலகை, மாதிரி சிக்னல்களோடு சாலை வரைபடப் பலகை, போக்குவரத்துச் சின்னங்கள் அட்டவணை, தானியங்கி சிக்னலும் போக்குவரத்துக் காவலரின் கை சைகைகளும் விளக்கும் படம், வண்டியின் பாகங்களைக் காட்டும் படம் ஆகியவை சுவரில் வேண்டும். அப்புறம் கியர்பாக்ஸ், பிரேக் ஷூ, டிரம் (டூ வீலர் மட்டும் கற்றுக்கொடுக்கும் பள்ளிக்கு இவை வேண்டாம்). பஞ்சர் கிட், டயர் லிவர், வீல் ஸ்பேனர், ஜாக்கி, காற்று அழுத்தமானி. ஸ்பேனர் செட், ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர், சுத்தியல். பெஞ்சு, மேசை, முதலுதவிப் பெட்டி, ஓட்டும் முறையைச் சொல்லும் கையேடு, சட்டமும் சாலைப் பாதுகாப்பும் பற்றிய சில புத்தகங்கள்.

படிக்கும்போது பெரிய பட்டியலாகத் தெரியும், ஆனால் செலவு குறைவு. கியர்பாக்ஸ் ஓட வேண்டியதில்லை, விளக்கிக் காட்டினால் போதும். சென்னைக்காரர்கள் புதுப்பேட்டைக்கு ஒரு நடை போய் வந்தால் பழையதாகக் கிடைக்கும். மூடியை ஒரு பக்கம் அறுத்துத் திறந்து வைத்தால் பல்சக்கரம் சேர்வது உள்ளே தெரியும். கிளட்சை மிதிக்காமல் கியரை ஏன் போடக் கூடாது என்பதைப் பத்து நிமிடம் பேசிப் புரியவைப்பதைவிட அதைக் காட்டுவது சுலபம். ஆய்வுக்காக வாங்கி மூலையில் சாக்குப் போட்டு மூடி வைக்கும் பொருளாக அதை ஆக்காதீர்கள்.

விண்ணப்பம், ஆய்வு, உரிமம்

விண்ணப்பம் படிவம் 12இல். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் சாரதி பகுதியில் டிரைவிங் ஸ்கூலுக்கென்று தனியாக வழி இருக்கிறது. மத்திய விதிப்படி உரிமக் கட்டணம் ரூ.10,000, புதுப்பிக்கவும் அதே தொகை. இடத்தின் ஆவணம், வண்டி ஆவணங்கள், பயிற்றுநரின் கல்விச் சான்றும் லைசென்ஸும், பணவசதிக்கான சான்று எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வரிசையாக வையுங்கள். விண்ணப்பதாரரும் ஊழியர்களும் நன்னடத்தை உள்ளவர்களா என்பதையும், பள்ளியைத் தொடர்ந்து நடத்தப் பணவசதி இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும் என்று விதி சொல்கிறது.

பிறகு மோட்டார் வாகன ஆய்வாளர், நம் வழக்கில் பிரேக் இன்ஸ்பெக்டர், நேரில் வருவார். அன்றைக்குப் பயிற்றுநர் இடத்தில் இருக்கட்டும். சின்னத்தைக் காட்டி என்ன என்று கேட்டால் சொல்லத் தெரிய வேண்டியவரும், பாகங்களை விளக்கிக் காட்ட வேண்டியவரும் அவர்தான். அந்தத் திறமையும் விதியில் எழுதியிருக்கிற தகுதி.

எல்லாம் சரி என்றால் 90 நாட்களுக்குள் படிவம் 11இல் உரிமம் வர வேண்டும். மறுப்பதாக இருந்தால் உங்கள் தரப்பைக் கேட்டுவிட்டு, காரணத்தை எழுத்தில் கொடுத்துத்தான் மறுக்க முடியும். “சார் முடியாதுன்னு சொல்லிட்டார்” என்று வாய்வழிச் செய்தியோடு திரும்பி வந்துவிடாதீர்கள். எழுத்தில் கேளுங்கள். அந்த உத்தரவு கைக்கு வந்த 30 நாளில் மாநிலப் போக்குவரத்துத் துறைத் தலைமைக்கு மேல்முறையீடு செய்யலாம், கட்டணம் ரூ.500.

உரிமம் வந்த பிறகு: இரண்டு பதிவேடுகள்

சுவரில் உரிமத்தின் அசலையும் பயிற்றுநர்களின் பெயர், முகவரியையும் மாட்டியாயிற்று. இனி உங்கள் பள்ளி நிலைப்பதும் நிலைக்காததும் படிவம் 14, படிவம் 15 என்ற இரண்டு பதிவேடுகளில்தான் இருக்கிறது. புதிதாக வருபவர்கள் வண்டியைத் துடைத்து வைப்பதில் காட்டும் அக்கறையில் கால்வாசியை இதில் காட்டினால் போதும்.

படிவம் 14 சேர்க்கைப் பதிவேடு. யார் சேர்ந்தார், எந்த வகை வண்டி, எல்.எல்.ஆர். எண் என்ன, அது எப்போது முடிகிறது, பயிற்சி என்று முடிந்தது, டெஸ்டில் என்று தேறினார் என்பதெல்லாம் அதில் வரும். ஆண்டுவாரியாகப் போட வேண்டும். அகர வரிசையில் மாணவர் பட்டியலும் தனியாக வேண்டும். எல்.எல்.ஆர். கைக்கு வராதவரை வண்டியில் ஏற்றாதீர்கள். அதற்கு ஆயுள் ஆறு மாதம், வாங்கி 30 நாள் கழிந்த பிறகுதான் டெஸ்டுக்குப் போக முடியும். இந்த இரண்டு தேதியையும் சேர்க்கும்போதே குறித்துவிட்டால் பின்னால் குழப்பம் இல்லை.

படிவம் 15 ஒவ்வொரு மாணவரும் உண்மையில் ஓட்டிய நேரத்தின் பதிவு. தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்த வகை வண்டி, பயிற்றுநர் கையெழுத்து, மாணவர் கையெழுத்து. காருக்குப் பயிற்சிக்காலம் 21 நாளுக்குக் குறையக் கூடாது, ஓட்டும் நேரம் 10 மணிக்குக் குறையக் கூடாது. போக்குவரத்து வாகனத்துக்கு 30 நாள், 15 மணி நேரம்.

இங்கே பலர் கணக்கில் சறுக்குகிறார்கள். தினம் அரை மணி நேரம், 21 நாள், ஆகப் பத்தரை மணி நேரம், சரியாக இருக்கிறதே என்று நினைப்பார்கள். ஞாயிறு விடுமுறை விட்டால் மூன்று நாள் போய்விடும். மிச்சம் 18 வகுப்பு, 9 மணி நேரம். ஒரு மணி நேரம் குறைகிறது. ஒரு வகுப்பை 35 நிமிடமாக வையுங்கள், அல்லது இரண்டு வகுப்பு கூடுதலாகக் கொடுங்கள். நான்கு பேரை ஏற்றிக்கொண்டு மாற்றி மாற்றி ஓட்ட விடும் பழக்கம் இருக்கிறது. பின் சீட்டில் உட்கார்ந்து பார்ப்பதும் பயன்தான், ஆனால் அது ஓட்டிய நேரத்தில் சேராது.

இதையே திருப்பிப் போட்டுப் பார்த்தால் உங்கள் கொள்ளளவு தெரியும். காலை 6 முதல் 9 வரை, மாலை 4 முதல் 7 வரை என்றால் ஒரு காருக்கு நாளுக்கு 6 மணி நேரம். 35 நிமிட வகுப்பு என்றால் பத்துப் பேர்தான். ஒரே காரை வைத்துக்கொண்டு ஒரே சமயத்தில் இருபத்தைந்து பேர் படிவம் 15இல் இருந்தால், தாளைப் பார்க்கும் யாருக்கும் கூட்டிக் கழிக்கத் தெரியும். மாதக் கடைசியில் உட்கார்ந்து ஒரே பேனாவில் 21 கையெழுத்தையும் போட்ட பக்கமும் அப்படித்தான், பார்த்த மாத்திரத்தில் காட்டிக்கொடுக்கும். மாணவர் வண்டியை விட்டு இறங்கும்போதே கையெழுத்து வாங்கிவிடுங்கள். பதிவேட்டை டாஷ்போர்டில் வையுங்கள்.

பயிற்சியின் பாடத்திட்டமும் விதி 31இல் விரிவாக இருக்கிறது. ஓட்டும் கொள்கை, சாலை விதி, ஓட்டும் பயிற்சி, முதலுதவி எல்லாம் அதில் அடக்கம். வகுப்பறையில் உட்கார்ந்து பாடம் நடத்தும் பள்ளிகள் குறைவு. வாரத்துக்கு ஒரு மணி நேரம் நடத்தினாலே உங்கள் பள்ளி தனியாகத் தெரியும். ரவுண்டானாவில் யாருக்கு முன்னுரிமை என்பதைச் சாலையில் ஹாரன் சத்தத்துக்கு நடுவே கத்திச் சொல்வதைவிடப் பலகையில் வரைந்து காட்டுவது இருவருக்கும் நிம்மதி. பயிற்சி முடிந்ததும் படிவம் 5 சான்றிதழ். படிக்காதவருக்கு எழுதிக் கொடுக்காதீர்கள். கனரகத்துக்கு அது கட்டாயம் என்பதால், “சான்றிதழ் மட்டும் போதும் சார், எவ்வளவு?” என்று கேட்டு வருவார்கள்.

புரோக்கர் வேலை வேண்டாம்

நாலு நாளில் இன்னொரு கேள்வி வரும். “எட்டு போடாம வாங்கித் தருவீங்களா?” பக்கத்துத் தெருப் பள்ளி தருவதாகவும் சொல்வார்கள். விதிமுறைக்கு வெளியே லைசென்ஸ் வாங்கித் தர முடியும் என்று யாரையும் நம்பவைக்கக் கூடாது, அப்படிச் சுற்றுவழியில் போவதற்கு உடந்தையாக இருக்கவும் கூடாது என்பது உங்கள் உரிமத்தின் நிபந்தனைகளில் ஒன்று. விளம்பர போர்டில் ‘லைசென்ஸ் உத்தரவாதம்’ என்று எழுதுவதே வம்பு. படிவம் நிரப்ப உதவுவது, ஸ்லாட் போட்டுத் தருவது, டெஸ்டுக்கு வண்டி கொண்டுபோவது இதெல்லாம் சேவை. பயிற்சிக் கட்டணம், அரசுக் கட்டணம், சேவைக் கட்டணம் மூன்றையும் ரசீதில் தனித்தனியாக எழுதுங்கள். எல்.எல்.ஆருக்கு வகைக்கு ரூ.150, ஓட்டும் தேர்வுக்கு வகைக்கு ரூ.300 என்பவை மத்திய விதியில் உள்ள கட்டணங்கள். எல்லாம் சேர்த்து ‘மொத்தமாக இவ்வளவு’ என்று ஒரே தொகை சொல்லும்போதுதான் மிச்சம் யாருக்குப் போகிறது என்ற சந்தேகம் கிளம்புகிறது. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவும் வேண்டும், அதற்கும் இந்த ரசீதுகள்தான் ஆதாரம்.

உரிமத்தைக் காப்பாற்றிக்கொள்வது

உரிமம் ஐந்தாண்டுக்கு. புதுப்பிக்கப் படிவம் 13. காலாவதிக்கு 60 நாட்களுக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். கடைசி வாரத்தில் ஓடுவதற்கு இது வண்டி இன்ஷூரன்ஸ் இல்லை.

வீட்டுக்காரர் இடத்தைக் காலி செய்யச் சொன்னால், முன் அனுமதியை எழுத்தில் வாங்காமல் போர்டைக் கழற்றிப் பக்கத்துத் தெருவில் மாட்டக் கூடாது. வாடகை ஒப்பந்தத்தையே ஐந்தாண்டுக்குப் போட முடியுமா என்று ஆரம்பத்தில் பேசிப் பாருங்கள். பள்ளியும் பதிவேடுகளும் எப்போதும் ஆய்வுக்குத் திறந்திருக்க வேண்டும். கேட்ட விவரத்தை அனுப்ப வேண்டும்.

வண்டியை நல்ல நிலையில் வைக்காதது, பாடத்திட்டத்தைக் கடைப்பிடிக்காதது, இடம், சாமான், பயிற்றுநர் தகுதி ஆகியவற்றில் குறை வந்தது, மேலே சொன்ன நிபந்தனைகளை மீறியது, இவற்றில் எதற்காகவும் உரிமத்தை நிறுத்தி வைக்கவோ ரத்து செய்யவோ அதிகாரம் இருக்கிறது. அப்படி உத்தரவு வந்தாலும் அதே 30 நாள், அதே மேல்முறையீடு. உரிமம் தொலைந்தாலோ கிழிந்தாலோ நகல் வாங்க ரூ.5,000. அசலைச் சுவரில் மாட்டும் முன் கண்ணாடிச் சட்டம் போட்டுவிடுங்கள்.